எல்லையோரப் பட்டறைகள் – 9: பிடிமானம்

போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்வண்டி பேட்டரி செல் ஆலை வந்த பிறகு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 4680 என்ற எண் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம். 2020-இல் டெஸ்லா அறிவித்த அளவு இது. இந்த உருளைக்குள் சுருண்டிருப்பவை செம்புத் தாளும் அலுமினியத் தாளும். லித்தியம் செல்களில் செம்புத் தாளின் கனம் பொதுவாக 6 முதல் 10 மைக்ரான். நம் பட்டறைக்காரர்கள் சொல்லும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அவ்வளவு கனம் வர 8 மைக்ரான் தாள் ஏறத்தாழ 400 வேண்டும்.

இவ்வகை செல்லில் தாளின் விளிம்புகளை மடித்துப் படியவைத்து, மேலே ஓர் உலோகத் தட்டை வைத்து லேசரால் வெல்டிங் செய்வது பரவலான முறை. செம்பு இங்கேதான் முரண்டு பிடிக்கும். வழக்கமான ஃபைபர் லேசரின் அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் திட நிலையிலுள்ள செம்பு திருப்பி அனுப்பிவிடும். சக்தியைக் கூட்டினாலோ, உருகிய கணமே அது ஒளியை மளமளவென்று உள்ளே வாங்கும். தாளில் ஓட்டை விழும். தெறிக்கும் செம்புத் துளி செல்லுக்குள் தங்கினால், இரு தாள்களுக்கும் நடுவே உள்ள பிரிப்பானைக் குத்தி உள்ளேயே ஷார்ட் ஆகலாம். வண்டி ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. செம்பு கூடுதலாக உறிஞ்சும் பச்சை, நீல லேசர்களை உலகம் நாடிப்போனதற்குக் காரணம் இந்தத் தொல்லை.

ஆனால் லேசரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தாளுக்கும் தட்டுக்கும் நடுவே நிற்கும் இடைவெளியை எதைக் கொடுத்து ஒழிப்பது? இடைவெளி இருந்தால் உருகிய தாள் பின்னுக்குச் சுருங்கி அறுந்துபோகும். தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. 8 மைக்ரான் தாளுக்கு அது ஒரு மைக்ரானுக்கும் கீழே! தாளை அப்படி அழுத்திப் பிடிக்கும் ஃபிக்சரைச் செய்பவர் டூல் ரூம் ஆள். என்னைக் கேட்டால் இந்த வேலையின் நாயகர் அவர்தான்.

ஓசூருக்கு இந்தக் கைத்திறன் புதிதல்ல. 1980-களில் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய டைட்டன், பின்னாளில் 1.15 மில்லிமீட்டர் கனமே உள்ள இயந்திரத்தை வைத்து ‘எட்ஜ்’ கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதே குழுமத்தின் டீல் நிறுவனம் இன்று பிற ஆலைகளுக்கு அசெம்பிளி லைன்கள் செய்து தருகிறது. ஆலை திறப்பு விழாக்களில் ஜிகாவாட்-மணிக் கணக்கைப் பேசுகிறோம். ஃபிக்சர் செய்யப் பழக்கும் ஆசிரியர்களைப் பற்றியும் அதே மேடையில் பேச வேண்டும். தருமபுரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வரும் பிள்ளைகள் பட்டனை அழுத்துவதோடு நின்றுவிடக் கூடாது.

வெல்டிங் தேறியதா என்று பார்க்க ஒரு பழைய வழி இன்றும் உண்டு: மாதிரி ஒன்றை எடுத்துத் தாளைப் பிடித்து இழுப்பது. ஒட்டிய இடத்தில் சுத்தமாகக் கழன்று வந்தால் தோல்வி. தாள் கிழிந்து, ஒட்டிய புள்ளிகள் தட்டிலேயே நின்றால் தேர்ச்சி.

அடுத்த வாரம்: செம்பும் அலுமினியமும் சேருமிடம்.