தேசப்படக் கோர்ஸுக்குக் காசு கட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள்



உயர் தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "ஜி.ஐ.எஸ்." என்ற புவியியல் சான்றிதழ் கோர்ஸுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பது வேறு: "அத படிச்சா வேலை கிடைக்குமா? இவ்வளவு காசு போடலாமா?" இரண்டும் நியாயமான கேள்வி. நிதானமாகப் பார்ப்போம்.

இது என்ன படிப்பு?

ஜி.ஐ.எஸ். என்றால் புவியியல் தகவல் முறைமை. கம்பியூட்டரில் தேசப்படம் வரைந்து, அதில் பல விபரங்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலை.

ஒரு உதாரணம். நம்ம மலையில் பெய்யும் மழை அட்டன் ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேருகிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. இங்கே மழை கொட்டினால் அங்கே வெருகல் கிராமங்களில் வெள்ளம் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, மலையில் மண் சரிந்தது, கீழே மூதூர், வெருகல் பக்கம் ஊருக்குள் தண்ணீர் போனது.

இப்போது நாலு கண்ணாடித் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆறு, ஒன்றில் நிலத்தின் உயரம், ஒன்றில் வீடுகள், ஒன்றில் பாதைகள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் வரும், எந்தப் பாதையால் ஆட்களைக் கொண்டுபோகலாம் என்று தெரியும். இதைக் கம்பியூட்டரில் செய்வதுதான் ஜி.ஐ.எஸ். மண்சரிவு அபாய இடங்களைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இப்படித்தான் படமாக்குகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஆகவே இந்தப் படிப்பு வீண் படிப்பு இல்லை.

சான்றிதழ் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் கவனம் வேண்டும்.

"இத முடிச்சா சர்வேயர் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் இருக்கிறது. காணி அளந்து பிளானில் கையெழுத்து வைக்க, முறையாகத் தகுதிபெற்ற நில அளவையாளருக்குத்தான் உரிமை. நமக்குக் கிடைக்கும் காணியை அளப்பதற்கும் அப்படிப்பட்டவர்தான் வரவேண்டும். அந்தப் படிப்பு வேறு. தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் கல்வி நிறுவனமும், பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகமும் அதைக் கற்பிக்கின்றன. அதற்கு உயர் தரத்தில் கணிதம் படித்திருக்க வேண்டும்.

குறுகிய காலச் சான்றிதழ் என்பது கறிக்கு உப்பு மாதிரி. பட்டமோ டிப்ளோமாவோ இருக்கிறவருக்கும், படவரைஞராகவோ அலுவலகத்திலோ ஏற்கனவே வேலை செய்கிறவருக்கும் அது ருசி கூட்டும். வெறும் உப்பை வைத்துச் சோறு சாப்பிட முடியாது.

செலவைப் பேர் கணக்கில் பாருங்கள்

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். கோர்ஸ் கட்டணம் 81,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 60 பேர். அதாவது அம்மா 60 நாள் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்த காசு, ஒரு சதமும் வீட்டுக்குச் செலவழிக்காமல். சம்பளம் கூடினாலும் கணக்குப் போடும் விதம் இதுதான். கட்டணத்தோடு முடியாது. பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். தோட்டை அடகு வைத்தால் வட்டியையும் கூட்டுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? கோர்ஸுக்கு என்.வி.கியூ. தரம் உண்டா? உண்டென்றால் எத்தனையாம் தரம்? பல்கலைக்கழகம் நடத்தும் கோர்ஸ் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே விசாரியுங்கள்.

2. எந்த வேலைக்கு இது தகைமை? வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அரசாங்க வேலை விளம்பரத்தில் "தகைமைகள்" என்ற பகுதியை வாசியுங்கள். அதில் இந்தச் சான்றிதழ் கேட்கப்படவில்லை என்றால், அந்த வேலைக்கு இது தனியாக உதவாது.

3. முன்பு படித்த இரண்டு மூன்று பேரைச் சந்திக்க முடியுமா? இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? பெயரும் விலாசமும் சொல்லத் தயங்கும் இடத்தில் நாமும் காசு கொடுக்கத் தயங்கலாம்.

4. எந்த மொழியில் பாடம்? கம்பியூட்டரில் எத்தனை மணித்தியாலம் கையால் செய்து பழகலாம்?

காசில்லாமல் தொடங்கலாம்

கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். பாடசாலையிலோ தெரிந்தவர் வீட்டிலோ கம்பியூட்டர் இருந்தால், பிள்ளை இரண்டு மாதம் பழகிப் பார்க்கட்டும். சொந்தத் தோட்டத்தையே படமாக வரையட்டும்: லயம், பீலி, ஓடை, பிள்ளை மடுவம், மண் வெடித்த இடம். அதைச் செய்து முடிக்கும் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம். வேலை கேட்டுப் போகும்போதும் காட்ட அந்தப் படம் கையில் இருக்கும். பத்து நாளில் அலுத்துவிட்டால் 60 பேர் காசு மிச்சம்.

உயர் தரத்தில் நல்ல பெறுபேறு வரும் என்றால், முதலில் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போடுங்கள். புவியியல் பட்டப்படிப்புக்குள்ளேயே ஜி.ஐ.எஸ். படிக்கலாம். பெறுபேறு குறைந்தால், என்.வி.கியூ. தரமுள்ள தொழிற்பயிற்சி ஒன்றை முடித்து, பிறகு இதைச் சேர்த்துக்கொள்வது புத்தி.

கோர்ஸ் பேப்பர் கையில் இருந்தால், பணம் கட்டுமுன் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.