மண்ணெண்ணெய்க் கணப்பும் அதைக் கையாளும் முறையும்
ஜப்பான் தேசத்து வடபாகத்து அனுபவம்

குளிர் மிகுந்த தேசங்களில் உணவுக்கும் உடைக்கும் அடுத்தபடியாக மனிதருக்கு இன்றியமையாதது வீட்டினுள் உஷ்ணம். ஜப்பான் தேசத்தின் வடக்கிலுள்ள ஹொக்கைடோ தீவிலும், அதற்குத் தெற்கே அமைந்த தோஹொக்குப் பிரதேசத்திலும் குளிர்காலம் நீண்டது. ஹொக்கைடோவின் உட்பகுதிகளில் ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. முன்காலத்தில் அங்குள்ள குடியானவர்கள் விறகையும் அடுப்புக்கரியையும் நிலக்கரியையும் எரித்துக் குளிர்காய்ந்தனர். 1960-ம் வருஷத்துக்குப் பின் மண்ணெண்ணெய் அவற்றின் ஸ்தானத்தைப் பெருவாரியாகக் கைப்பற்றியது. இன்றும் அப்பிரதேசங்களில் ஏராளமான வீடுகளில் மண்ணெண்ணெய்க் கணப்பே குளிருக்குத் துணை.

இக்கணப்பு செவ்வையாகக் கையாளப்பட்டால் சிக்கனமான சாதனம்; அஜாக்கிரதையாகக் கையாளப்பட்டாலோ ஒரே இரவில் குடும்பம் முழுவதையும் மாய்க்கவல்லது. ஆகவே அதன் அமைப்பையும், எண்ணெய் எரியும் விதத்தையும், பாதுகாக்கும் முறைகளையும், எண்ணெய் வாங்கும் விஷயத்தில் அந்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் செய்த வேலையையும் அறிவது பயன்தரும்.

கணப்பின் வகைகள்

வழக்கத்திலுள்ள கணப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது திரிக் கணப்பு. வட்டமான திரியொன்று அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவரும். அதன்மேல் நிற்கும் உருளையில் சுடர் எரிந்து, உருளை செந்தணலாகக் காயும். இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. பற்றவைப்பதற்குச் சிறிய பேட்டரிகள் இருந்தால் போதும், அவையும் இல்லாவிடில் தீக்குச்சியால் ஏற்றலாம். 2011-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி தோஹொக்குவில் பெரும் பூகம்பமும் கடற்கோளும் நேர்ந்து மின்சாரம் நின்றபோது, பனி பெய்த அவ்விரவில், புகலிடங்களில் தங்கிய ஜனங்களுக்கு இவ்வகைக் கணப்புகள் பேருதவியாயின.

இரண்டாவது விசிறிக் கணப்பு. இதில் எண்ணெய் ஆவியாக்கப்பட்டு எரியும். மின்விசிறி வெப்பக்காற்றை அறையெங்கும் பரப்பும். மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

மூன்றாவது குழாய்க் கணப்பு. இது சுவரின் வழியாகச் செல்லும் இரட்டைக் குழாயினால் வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே அனுப்பிவிடும். ஹொக்கைடோவில் இதுவே அதிகம். வீட்டுக்கு வெளியே 490 லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டியை நிறுத்தி, அதிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் கொண்டுவருவது அங்கே சாதாரணம்.

எரியும்போது நிகழ்வது

முதலிரண்டு வகைக் கணப்புகளும் அறையிலுள்ள காற்றையே உட்கொண்டு, எரிந்த வாயுக்களை அந்த அறைக்குள்ளேயே விடுகின்றன. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முற்றிலும் எரிவதற்கு ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்தபின் சுமார் இரண்டரை கிலோ கரியமிலவாயுவும், ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் ஆவி வடிவிலும் உண்டாகும். சுவரிலும் ஜன்னல் கண்ணாடியிலும் நீர் முத்துமுத்தாகக் கோத்து நிற்பதற்கும், நாளடைவில் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இந்த ஆவியே காரணம்.

பத்தடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதடி உயரமுமுள்ள அறை ஒன்றில் சுமார் 25 கன மீட்டர் காற்று அடங்கும். மணிக்குக் கால் லிட்டர் எண்ணெய் எரிக்கும் கணப்பு அதில் பத்தில் ஒரு பங்கு காற்றின் பிராணவாயுவை ஒரு மணி நேரத்தில் செலவிட்டுவிடும். காற்றில் 21 சதவிகிதமாயிருந்த பிராணவாயு, அறை முற்றும் அடைத்திருந்தால், முதல் மணியில் 19 சதவிகிதத்துக்கும் இரண்டாம் மணியில் 17 சதவிகிதத்துக்கும் அருகே இறங்கும். அந்நிலையில் எண்ணெய் சரியாக எரியாது. கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகும்.

இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளோடு இது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு தலைசுற்றல், குமட்டல், தூக்க மயக்கம் ஆகியவை தோன்றும். கைகால் அசைவற்றுப் போவதால், அபாயத்தை உணர்ந்தவரும் எழுந்து கதவைத் திறக்க முடியாமல் விழுந்துவிடுவர். தூங்குகிறவரோ உணராமலே இறப்பர்.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. மணிக்கு ஒருமுறை அல்லது இருமுறை, ஒன்றிரண்டு நிமிஷம், எதிரெதிராக உள்ள இரண்டு ஜன்னல்களைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். அந்தச் சிறுபொழுதில் சுவரும் தட்டுமுட்டும் ஆறிவிடா. ஆகையால் உஷ்ணம் வீணாகிறதென்று அஞ்சவேண்டியதில்லை. படுக்கப்போகுமுன் கணப்பை அணைத்தேயாக வேண்டும். ஒருவர் மயங்கியிருக்கக் கண்டால் உடனே ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வைத்திய உதவியை நாட வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பிரதேசங்களில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுப்போருக்கும் இதே விதி பொருந்தும். கரித்தணலிலிருந்து வெளிவருவதும் அதே வாயுதான்.

எண்ணெய்

ஜப்பானில் கணப்புக்கு விற்கும் முதல்தர மண்ணெண்ணெயில் கந்தகம் 0.008 சதவிகிதத்துக்கு மேற்படலாகாதென்றும், 40 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த உஷ்ணத்தில் அதன் ஆவி தீப்பற்றலாகாதென்றும் விதி உண்டு. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். கணப்பில் பெட்ரோல் சிறிது கலந்தாலும் சுடர் கட்டுக்கடங்காமல் எழுந்து வீட்டைப் பற்றிவிடும். ஆகையால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது. ஒரே பாத்திரத்தை மாற்றி மாற்றி உபயோகிக்கவும் கூடாது. சந்தேகம் நேர்ந்தால், நெருப்பில்லாத இடத்தில் ஒரு துளியை விரல்நுனியில் இட்டு ஊதிப் பார்க்கலாம். பெட்ரோல் சடுதியில் உலர்ந்துவிடும். மண்ணெண்ணெயில் ஈரம் நிற்கும்.

அங்கே வீடுகளில் எண்ணெய் வைக்கும் பாத்திரம் 18 லிட்டர் கொண்டது. தமிழ்நாட்டில் முன்பு யாவரும் அறிந்திருந்த நான்கு காலன் டின்னும் ஏறக்குறைய இதே அளவு. கிழக்கு ஜப்பானில் சிவப்பு நிறப் பாத்திரமும் மேற்கில் நீல நிறப் பாத்திரமும் வழக்கம். பாத்திரத்தை நன்கு மூடி, வெயிலும் மழையும் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெயில் பட்டும் வெப்பத்தினாலும் எண்ணெய் கெட்டு மஞ்சளித்துப் புளித்த வாடை வீசும். கெட்ட எண்ணெயும் தண்ணீர் கலந்த எண்ணெயும் திரியைப் பாழாக்கும். சென்ற பருவத்து எண்ணெயை அடுத்த குளிர்காலத்துக்கு வைத்திருத்தல் சிக்கனமன்று.

திரியும் தொட்டியும்

சுடர் மிகவும் தாழ்ந்திருந்தால் வாடையும் நச்சுவாயுவும் உண்டாகும். மிகவும் உயர்ந்து சிவந்து நீண்டால் கரி படியும். உருளை ஒரே சீராகச் சிவந்திருப்பதே நல்ல எரிவுக்கு அடையாளம். பற்றவைத்தவுடன் உருளையின் பிடியை இடமும் வலமும் இரண்டு மூன்று தடவை அசைத்து, அது கோணாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாட்பட எரிந்த திரியின் நுனியில் கீல் போன்ற கசடு இறுகும். அப்போது திரி ஏறி இறங்காது, அணைப்பதும் கஷ்டமாகும். கண்ணாடி நாரினால் செய்த திரியாயின், தொட்டியில் எண்ணெய் தீரும்வரை, காற்றோட்டமுள்ள இடத்தில், தானே அணையுமட்டும் எரியவிட வேண்டும். கசடு எரிந்து போகும். பஞ்சுத் திரிக்கு இம்முறை ஆகாது. அதன் நுனியைச் சமமாகக் கத்தரித்தோ துடைத்தோ வைக்க வேண்டும். விசிறிக் கணப்பின் பின்புறமுள்ள காற்றுச் சல்லடையில் சேரும் தூசியை வாரம் ஒருமுறை அகற்ற வேண்டும். பருவம் முடிந்ததும் எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, தொட்டியின் அடியில் தங்கிய நீரையும் உறிஞ்சி எடுத்து, பேட்டரிகளைக் கழற்றி, உலர்ந்த இடத்தில் சாயாமல் நிறுத்தி வைத்தல் முறை.

குழாய்க் கணப்பு வைத்திருப்பவரும் அசட்டையாயிருத்தல் ஆகாது. 1985 முதல் 1992 வரை ஜப்பானில் செய்யப்பட்ட ஒருவகைக் கணப்பில், காற்றுக் கொண்டுவரும் ரப்பர்க் குழாய் நாட்பட்டு வெடித்ததனால் நச்சுவாயு வீட்டுக்குள் பரவி உயிர்ச்சேதம் நேர்ந்தது. 2005-ம் வருஷத்தில் அக்கணப்புகளைத் திரும்பப்பெற ஏற்பாடு செய்யப்பட்டது. பழைய கணப்பைத் தொழில் தெரிந்தவரைக் கொண்டு பரிசோதித்த பின்னரே உபயோகிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நெருப்பு அபாயம்

எரியும் கணப்பில் எண்ணெய் ஊற்றுதலும், அதன்மேல் ஈரத்துணி உலர்த்துதலும், திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் அருகே அதை வைத்தலுமே தீ விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம். எடுத்து மாட்டும் சிறு தொட்டியின் மூடி சரியாக இறுகாமல், கணப்பின்மேல் எண்ணெய் கொட்டித் தீப்பிடிப்பதும் உண்டு. பூகம்பம் நேர்ந்தாலோ கணப்பு கவிழ்ந்தாலோ தானாக அணையும் அமைப்பு அந்நாட்டுக் கணப்புகளில் உள்ளது. 2009-ம் வருஷத்தில் மண்ணெண்ணெய்க் கணப்புகள் விசேஷப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2011 ஏப்ரல் முதல் உரிய முத்திரையில்லாத கணப்புகளை விற்பது தடுக்கப்பட்டது. எந்த அமைப்பு இருந்தபோதிலும், அணைத்து, சுடர் முற்றும் அடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

சங்கங்கள் செய்த வேலை

குளிர்ப்பிரதேசத்துக் குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் அரிசியைப் போன்றது. விலை ஏறினாலும் வாங்காமலிருக்க முடியாது. ஆகையால் ஹொக்கைடோவிலும் தோஹொக்குவிலும் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் அங்கத்தினருக்கு எண்ணெய் விநியோகிப்பதை முக்கியமான வேலையாகக் கொண்டன. வீடுதோறும் வண்டியில் எண்ணெய் கொண்டுபோய் ஊற்றும் ஏற்பாடு இருப்பதால், முதியோர் பனியில் பாத்திரம் சுமக்கும் சிரமம் குறைகிறது.

யாமகாட்டா மாகாணத்திலுள்ள த்சுருஒகா நகரத்துச் சங்கம் 1955-ல் தோன்றியது. அண்டை வீட்டார் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து சாமான்களை ஒன்றாக வாங்கும் வழக்கத்தை 1956-ல் அது தொடங்கிற்று; பிற்பாடு தேசமெங்கும் இம்முறை பரவியது. 1973-ம் வருஷத்து எண்ணெய் நெருக்கடியின்போது எண்ணெய்க் கம்பெனிகள் தமக்குள் கூடி விலையை உயர்த்தின என்று சர்க்காரின் நியாய வர்த்தகக் கமிஷன் குற்றஞ்சாட்டியது. 1974-ம் வருஷத்தில் அச்சங்கத்து அங்கத்தினர் 1,600 பேருக்கு மேற்பட்டோர், தாங்கள் அதிகப்படியாகக் கொடுத்த தொகையைத் திருப்பித் தரும்படி கம்பெனிகளின்மேல் வழக்குத் தொடுத்தனர். ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய தொகை அற்பமே; தனி மனிதர் ஒருவர் அதற்காக நியாயஸ்தலம் ஏறியிருக்கமாட்டார்.

1981-ல் கீழ்க்கோர்ட்டில் தோற்றனர்; 1985-ல் மேல்கோர்ட்டில் ஜெயித்தனர்; 1989 டிசம்பரில் தேசத்தின் உச்ச நியாயஸ்தலம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. கூட்டு ஏற்பாடு இல்லாதிருந்தால் விலை எவ்வளவாயிருந்திருக்கும் என்பதை வாங்கினவர்களே ருசுப்படுத்த வேண்டும் என்பது அதற்குக் கூறிய காரணம். பதினைந்து வருஷ காலம் வழக்கை நடத்தியும் பணம் கிடைக்கவில்லை. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் ஒன்றுகூடினால் பெருங்கம்பெனிகளையும் கணக்குக் கேட்கலாம் என்பதைத் தேசம் முழுவதும் கண்டது.

கணப்பின் விஷயத்திலும் சங்கத்தின் விஷயத்திலும் விதி ஒன்றே: கவனிப்பு நின்றால் கேடு நுழையும். திரியைக் கவனிப்பவர் வீட்டில் சுடர் சீராக எரியும். வாங்கிய அளவையும் விலையையும் ரசீதுடன் குறித்துவைக்கும் அங்கத்தினரிடம் தேவைப்பட்ட வேளையில் ருசு தயாராயிருக்கும். குளிர்காலத்துக்கு முன்பே அங்கத்தினரைக் கூட்டி, கணப்புகளைப் பார்வையிடச் செய்து, காற்றை மாற்றும் விதியைப் பெண்டிரும் பிள்ளைகளும் அறியும்படி எடுத்துரைக்கும் சங்கம், எண்ணெயை மலிவாக விற்கும் சங்கத்தைக் காட்டிலும் பெரிய உபகாரம் செய்ததாகும்.