அராவிய பல் திரும்ப வளர்வதில்லை

சோளிங்கரிலிருந்து ஆம்பூர் வரையுள்ள நம் ஊர்களில், நிக்காஹ் நிச்சயமான வீடுகளில் இப்போது எழும் கேள்விகளுள் ஒன்று: முன்பற்களின் பழுப்புக் கறையை மறைக்க வெனீர் ஒட்டுவதா, 'கேப்' எனப்படும் உறை போடுவதா? விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்போர், இழக்கப்போவது தம் பல்லையே என்பதை மறந்துவிடுகின்றனர்.

முதலில் கறையின் காரணத்தை அறிவோம். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்தது உண்மையே. ஆனால் பல்லில் கறை ஏற்றும் ஃபுளூரைடு, பெரும்பாலும் பாறைகளிலிருந்து கரைந்து கிணற்று நீரில் சேர்வது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பற்சிப்பி உருவாகும் குழந்தைப் பருவத்தில் அது மிகுந்தால், முளைக்கும் நிலைப்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் காணப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் இப்பாதிப்பைத் தடுப்பதும் ஒன்று.

வெனீர் என்பது பல்லின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஏடு. உறையோ பல்லைச் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, அதன்மேல் முழுவதுமாகக் கவிப்பது. முன்பற்களை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பல்லின் வெளித்தெரியும் பகுதியில் வெனீருக்காக நீக்கப்படுவது எடையில் 3 முதல் 30 விழுக்காடு. உறைக்காக நீக்கப்படுவது 63 முதல் 72 விழுக்காடு. இவ்வளவு அராவும்போது உள்ளிருக்கும் நரம்பு நலிந்து, பின்னாளில் வேர்ச் சிகிச்சை தேவைப்படவும் கூடும்.

ஆகவே, உறுதியான பல்லில் நிறம் மட்டும் குறையாயின் வெனீர் போதும். லேசான கறையாயின் அதுவும் வேண்டாம். வெளுப்பூட்டலோ மேற்பரப்பை மெருகிடுதலோ போதுமானதாகலாம். பெரிதும் உடைந்த பல்லுக்கும், வேர்ச் சிகிச்சைக்குப்பின் வலுவிழந்த கடைவாய்ப் பல்லுக்கும் உறையே காவல். கடும் ஃபுளூரைடு பாதிப்பால் சிப்பி உதிர்ந்த பல்லில் வெனீர் உறுதியாக ஒட்டாமற் போகலாம். அங்கும் உறை தேவைப்படலாம்.

மார்க்கமும் இவ்விடத்தில் வேறுபாடு காண்கிறது. அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குவோரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி, இப்னு மஸ்ஊத் (ரலி) வாயிலாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. அதே நபிகளார், போரில் மூக்கை இழந்து, பொருத்திய வெள்ளி மூக்கும் நாற்றமெடுத்த அர்ஃபஜா (ரலி) அவர்களைப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ளப் பணித்தார்கள். பல்லைப் பொன்னால் கட்டுவதற்கு அறிஞர் பலர் இதையே சான்றாகக் கொண்டனர். குர்துபாவின் மருத்துவ மேதை ஸஹ்ராவி, ஆடும் பற்களைப் பொன் கம்பியால் பிணைக்கும் முறையைத் தம் நூலில் விளக்கினார். குறையைச் சீர்செய்வது வேறு; நிறைவானதைச் சிதைப்பது வேறு. நிலையாகப் பொருத்தப்பட்ட உறை கடமையான குளிப்புக்குத் தடையாகாது என்பதும் ஃபிக்ஹ் அறிஞர் பலரின் விளக்கம்.

எனவே மருத்துவரிடம் விலையைக் கேட்குமுன், "என் பல்லில் எவ்வளவை அராவுவீர்கள்? அராவாமல் வழியுண்டா?" என்று கேட்போம். வெனீரும் உறையும் ஒருநாள் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. இருபது வயதில் அராவிய பல்லைக் கொண்டே அறுபதிலும் உண்ண வேண்டும்.