கனவில் வரும் பல் மருத்துவர்

கனவில் பல் விழுந்தால் வீட்டில் இழவு விழும் என்பது நம் ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. மேல்வரிசைப் பல்லெனில் ஆண், கீழ்வரிசைப் பல்லெனில் பெண் என்று உட்பிரிவும் சொல்வர். முன்பு கனவில் பல் தானே விழும். இப்போதோ சாய்வு நாற்காலியில் கிடக்கிறோம். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர் குறடும் கையுமாகக் குனிகிறார். காட்சி மாறியதே தவிர, அதற்குச் சொல்லப்படும் பொருள் மாறவில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் என் தாயார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வைகறைத் தொழுகைக்கு எழுந்தவர் கலங்கிய முகத்துடன் அமர்ந்திருந்தார். பல் மருத்துவர் ஒருவர் தம் மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்ததாகக் கனவு. அண்டை வீட்டு மூதாட்டியிடம் அதைச் சொல்ல, அவர் "மேல்பல்லா? ஆம்பளைப் பிள்ளைக்கு ஆகாதே" என்று சொல்லிவிட்டார். என் தம்பி அப்போது வளைகுடா நாட்டில் பணியில் இருந்தான். அன்று முதல் தாயாருக்கு உறக்கமில்லை. நாள்தோறும் தொலைபேசியில் தம்பியின் குரலைக் கேட்டால்தான் உணவு இறங்கும். அவருக்கு உண்மையிலேயே பல்வலி இருந்தது என்பதும், மருத்துவரிடம் சென்றால் கனவு பலித்துவிடும் என்று அஞ்சி வலியை மறைத்தார் என்பதும் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்ட பின்னரே எங்களுக்குத் தெரிந்தன.

அந்த மூதாட்டியைக் குறை கூறுவதற்கில்லை. அவர் சொன்னது ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழமை உடையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ், வாயை வீடாகவும் பற்களை அவ்வீட்டில் வாழ்வோராகவும் கொண்டார். வலப்புறம் ஆண்கள், இடப்புறம் பெண்கள் என்பது அவர் வகுத்த முறை. அந்நூலுக்கு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு மொழிபெயர்ப்பு உண்டு. அது பேரறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பெயரால் வழங்குகிறது. பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் மறைந்த இமாம் இப்னு ஸீரீன் பெயரில் உலவும் கனவு நூலிலும் பற்கள் குடும்பத்தினரே. அங்கே மேல்வரிசை ஆண், கீழ்வரிசை பெண். அந்நூல் இமாமின் காலத்திற்குப் பின் தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அம்மரபிலேயே, பற்கள் யாவும் உதிர்ந்து அவற்றைக் கையில் ஏந்திக் கொண்டால் நீண்ட ஆயுள் என்றும் பொருள் சொல்லப்படுகிறது. என் தாயாரிடம் இந்தப் பாதியைச் சொல்வார் இல்லாமற் போயினர்!

தமிழிலும் கனவு நூல் உண்டு. பொன்னவன் இயற்றியதாகக் கூறப்படும் கனாநூல், இரவின் முதற் சாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது எட்டுத் திங்களிலும், மூன்றாம் சாமத்தது மூன்று திங்களிலும், கடைச்சாமத்தது பத்து நாளிலும் பலிக்கும் என்று வரையறுக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தோழி தேவந்தியிடம் உரைக்கிறாள். பொய்கையில் நீராடிக் காமவேளைத் தொழுதால் தீங்கு நீங்கும் என்கிறாள் தேவந்தி. அது பெருமை தராது என்று மறுக்கிறாள் கண்ணகி. காப்பியத்தில் அக்கனவு பலிக்கிறது. கதையை நடத்திச் செல்லும் புலவனுக்குக் கனவு ஒரு கருவி. நம் வீட்டுக் கனவுகளுக்கு இளங்கோவடிகள் பொறுப்பல்லர்.

இஸ்லாம் கனவைப் புறக்கணிக்கவில்லை. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுஃப் (அலை) அவர்களின் கனவோடு தொடங்குகிறது. ஆயினும் அங்கே தந்தை யஃகூப் (அலை) மகனுக்குக் கூறும் முதல் அறிவுரை, கனவைச் சகோதரர்களிடம் சொல்லாதே என்பதாகும். கனவு மூவகை என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்): இறைவனின் நற்செய்தி, ஷைத்தானால் வரும் துயரம், மனிதன் தன் மனத்தோடு பேசிக் கொள்வது. தீய கனவு கண்டவர் இடப்புறம் மும்முறை இலேசாகத் துப்பி, இறைவனிடம் பாதுகாவல் தேடி, மறுபக்கம் புரண்டு படுக்க வேண்டும். அதை எவரிடமும் சொல்லலாகாது. தம் தலை வெட்டுண்டு உருண்டதாகக் கனவு கண்டு வந்து சொன்னவரிடமும், ஷைத்தானின் விளையாட்டை மக்களிடம் எடுத்துரைக்க வேண்டாம் என்றே கூறினார்கள். எனவே தெருத்தெருவாகப் பலன் கேட்பது மார்க்கம் காட்டிய வழியன்று. அச்சம் பரவாமல் தடுப்பதே அது காட்டிய வழி.

இனி, கனவு ஏன் வந்தது என்னும் வினா. இஸ்ரேலிய ஆய்வாளர் இருவர் 210 கல்லூரி மாணவரிடம் நிகழ்த்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. பல் விழும் கனவு மனத்துயரோடு தொடர்புறவில்லை. விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரப்படும் இறுக்கத்தோடும் கூச்சத்தோடுமே தொடர்புற்றது என்பது அதன் முடிவு. ஓர் ஆய்வு முழு விடையாகாது என்பது உண்மையே. எனினும், உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்போர் பலர். சொத்தைப் பல்லின் வலியும், படுத்தவுடன் தலைக்குக் குருதி மிகுவதால் கூடும். உடல் அனுப்பிய செய்தியை உறங்கும் மனம் கதையாக்கிக் கொள்கிறது. மருத்துவரிடம் போகவேண்டும் என்ற எண்ணமும் போக அஞ்சும் எண்ணமும் ஏற்கனவே உள்ளவருக்கு, அக்கதையில் மருத்துவர் வருவதில் வியப்பென்ன? நபிமொழி கூறும் மூன்றாம் வகை, மனம் தன்னோடு பேசுவது, இதுவே எனத் தோன்றுகிறது. வாயைத் திறந்து வைத்தும் ஒரு சொல்லும் பேசவியலாமல், பிறர் கைக்கு நம்மை ஒப்படைத்துக் கிடக்கும் நிலை வேறெந்த மருத்துவத்தில் உண்டு? பேசிப் பிழைக்கும் ஆசிரியராகிய எமக்கு அதுவே தீக்கனாதான்.

ஒருவழியாகத் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் காட்டியது மேல்வாய்ப் பல்லை. மருத்துவர் தட்டிப் பார்த்தும் படமெடுத்தும் கண்டது, அதே பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழை. கீழ்ப்பல்லின் வலி மேல்பல்லில் தோன்றுவது உண்டாம். குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் அத்தஸ்ரீஃப் நூலில் இதனை எச்சரித்துள்ளார்: நோயாளி நல்ல பல்லைக் காட்டுவார், அதைப் பிடுங்கினாலும் வலி தீராது, ஆதலால் நோயுற்ற பல் எதுவென உறுதி செய்யாமல் குறட்டைத் தொடாதீர். கனவுக்குப் பலன் சொல்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வலி தாயாரின் கடைவாயில் இருக்க, நாங்கள் அதைக் கடல் கடந்து தம்பியின் தலைமேல் தேடிக் கொண்டிருந்தோம்.

அப்பல்லும் பிடுங்கப்படவில்லை. வேர்ச் சிகிச்சை செய்து, மேலே பீங்கான் உறை பொருத்தினர். பற்பீங்கானில் பெரும்பங்கு பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம். விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பொருள்களிலும் அது சேர்கிறது. இதைச் சொன்னபோது தாயார், "அப்ப இது நம்ம ஊர்ப் பல்லுதான்" என்றார். தம்பி அடுத்த பெருநாளுக்கு நலமாக ஊர் வந்து சேர்ந்தான். அவனுக்கும் ஒரு பல் சொத்தையாக இருந்தது. தாயாரே அவனை மருத்துவரிடம் இழுத்துச் சென்றார்.