உள்ளானுக்கு வேறிடம்

செட்டிபாளையத்தின் கிழக்கே கடல்; மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்வோர் பலர். ஆயினும், புரட்டாசி தொடங்கிப் பங்குனி வரையில் வாவியோரச் சேற்றிலே இரைதேடும் உள்ளான்களை நின்று நோக்குவோர் சிலரே. அவற்றுட் பல, சைபீரியாவின் வடபுலத்திற் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் மைல் கடந்து இங்கு வருவன. புழுவும் சிறு நத்தையும் நிறைந்த இச்சேறே அவற்றின் உணவுக் களஞ்சியம்.

நமக்குப் பாலங்கள் தேவை என்பதில் ஐயமில்லை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும், படுவான்கரை மக்கள் அத்துறையிற் ‘பாதை’க்காகக் காத்துநின்ற துன்பம் நீங்கிற்று. அம்பிளாந்துறையாரும் மண்டூராரும் தமக்கும் அவ்வாறே வேண்டுமெனின், அது நியாயமே. ஆனால், பாலத்தோடு அணைவீதியும் வரும். அதற்காக வாவியோரத்தை நிரவும்பொழுது சேற்றுநிலம் மறையும். பறவைகளுக்கு வேறோர் இடத்தை ஆக்கிக் கொடுத்தாற் போதாதோ எனச் சிலர் வினவலாம்.

இதற்கு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் அநுபவம் விடை கூறும். அங்கே விரிகுடாவை மறித்து எழுப்பிய அணையினால், 1999இல் ஏறத்தாழ 200 எக்டேர் சேற்றுநிலம் நீருள் மூழ்கியது. அதற்கு ஈடாக 2000ஆம் ஆண்டில் நியூபோர்ட் அருகே, இருமடங்கு பரப்பில் ஈரநிலம் அமைத்தனர். நாணலும் நன்னீரும் மிகுந்த அவ்விடத்தை வேறு பறவைகள் விரும்பி ஏற்றன. செங்கால் உள்ளான்களோ அயலிலிருந்த சேற்றுக்கரையையே நாடிச் சென்று, அங்கு மெலிந்தன. முன்னர் ஆண்டுக்கு நூற்றில் 85 உயிர்பிழைத்திருக்க, பின்னர் அத்தொகை 78 ஆகக் குறைந்ததென ஆய்வாளர் கண்டனர்.

ஆகவே, சேற்றுக்கு ஈடு சேறே. அங்கு நீரின் ஆழம் உள்ளானின் காலளவைத் தாண்டலாகாது. நீர் ஏறவும் வற்றவும் வழி வேண்டும். கண்டல் நடுவது நற்பணியேயாயினும், வெட்டவெளிச் சேற்றில் அதனை நட்டால் இப்பறவைகள் இரைதேடும் இடமே பறிபோகும். புதிய நிலத்திற் புழு பெருகிய பின்னரே பழைய நிலத்தில் மண் கொட்டல் வேண்டும். இவை யாவற்றினும் சிறந்தது, அணைவீதியைக் குறுக்கிப் பாலத்தை நீட்டி, வாவிநீரைத் தடையின்றி ஓடவிடுதலேயாம்.

போரினாலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர் நாம். ஒதுங்க ஓரிடம் கிடைத்தாற் போதாது, அங்கே உலைக்கு அரிசியும் வேண்டும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லையன்றோ!