கிறிஸ்துமஸ் பிஸ்கட்டும் நமது கடைச் சரக்கும்



டிசம்பர் பிறந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளுக்கு இரண்டு விதமான கூட்டம் வரும். ஒன்று மார்கழிக் கோலத்துக்குக் கலர்ப்பொடி வாங்க வருவது. மற்றொன்று கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குச் சாமான் வாங்க வருவது. முன்பெல்லாம் அந்தப் பலகாரம் முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல் என்ற அளவில் நின்றது. இப்போது வீட்டில் ஓவன் வைத்திருப்பவர்கள் நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம், பனி மனிதன் என்று பல வடிவங்களில் பிஸ்கட் சுட்டு, அதன்மேல் வண்ண ஐசிங் பூசுகிறார்கள். "அண்ணாச்சி, ஐசிங் சுகர் இருக்கா?" என்று கேட்டு வருபவரிடம், "அது என்ன சரக்கு?" என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர்களும் நம்மில் உண்டு. விற்கிற பொருள் வீட்டில் என்னவாகிறது என்று தெரிந்து விற்பவரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். ஆகவே அந்த விவரத்தை எழுதுகிறோம்.

இது எங்கிருந்து வந்தது?

டிசம்பரில் கடுங்குளிர் அடிக்கும் ஐரோப்பிய நாடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பிஸ்கட் சுடுவது பழைய வழக்கம். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் தேனும் மசாலாவும் சேர்த்த கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்குப் பேர் பெற்றது. கீழ்நாட்டு மசாலாச் சரக்கு வந்து இறங்கிய வணிக நகரங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து குடியேறியவர்களோடு இந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போயிற்று. 'குக்கி' என்ற சொல்லே சிறிய கேக் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பனியே காணாத நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று பனித்திவலை அச்சு கேட்கிறார்கள். இயற்கையில் பனித்திவலைக்கு ஆறு கிளைகள். எட்டுக் கிளை அச்சை யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் சிரிப்பார்!

செய்முறையும் சாமானும்

கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 225 கிராம் உப்பில்லாத வெண்ணெயையும் 200 கிராம் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டையும் ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸும் சேர்ப்பார்கள். அதில் 375 கிராம் மைதாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைப்பார்கள். பிறகு கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, 180 டிகிரி சூட்டில் 10 நிமிடம் அளவில் சுடுவார்கள். ஓரம் லேசாகச் சிவந்தால் போதும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று.

முதலாவது வெண்ணெய். ரொட்டியில் தடவும் வெண்ணெய் உப்புப் போட்டது. பிஸ்கட்டுக்கு உப்பில்லாத வெண்ணெய்தான் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்து, கேட்டுக் கொடுக்க வேண்டும். விலை குறைவு என்று வனஸ்பதி கேட்பவர்களும் உண்டு. 2022 ஜனவரி முதல் வனஸ்பதி, எண்ணெய் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. எனவே மூட்டை மூலையில் கிடக்கும் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது பேக்கிங் பவுடர். இந்தப் பிஸ்கட்டுக்கு அது தேவையில்லை, அல்லது மிகக் கொஞ்சம் போதும். அதிகம் போட்டால் மாவு உப்பி, நட்சத்திரம் வட்டமாகிவிடும். "பிஸ்கட் வடிவமே வரலை" என்று புகார் சொல்பவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த மாதமும் உங்கள் கடைக்கே வருவார். வெட்டிய மாவைச் சுடுமுன் மறுபடியும் குளிரவைத்தாலும் வடிவம் நிற்கும்.

மூன்றாவது ஐசிங் சுகர். இது வெறும் பொடித்த சர்க்கரை அல்ல. மாவு போல அரைத்து, கட்டிப்படாமல் இருக்கச் சிறிதளவு சோள மாவு கலந்தது. வீட்டு மிக்சியில் பொடித்தது பிஸ்கட் மாவுக்குச் சரி. ஐசிங்குக்கு ஆகாது. மருதாணிக் கோன் மாதிரிச் சுருட்டிய கோனில் ஐசிங்கைப் போட்டுக் கோடு இழுக்கும்போது ஒரு பருமணி அடைத்தாலும் வேலை கெட்டுவிடும்.

ஐசிங்கும் மழைக்காலமும்

ஐசிங் என்பது ஐசிங் சுகரோடு முட்டை வெள்ளையை அடித்துச் செய்வது. தூத்துக்குடி மக்ரூனுக்கும் அடிப்படை முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான். ஆகவே இது நமக்குப் புதிய வித்தை அல்ல. ஆனால் மக்ரூன் அடுப்பில் வேகிறது, ஐசிங் வேகாமல் காய்கிறது. பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். எனவே மெரிங் பவுடர் என்ற உலர்ந்த முட்டை வெள்ளைத் தூளைச் சொல்லிக் கொடுப்பது நல்லது. 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 மேசைக்கரண்டி தூளும், 5 அல்லது 6 மேசைக்கரண்டி தண்ணீரும் கணக்கு. அதில் முட்டை இருப்பதால், சைவ வாடிக்கையாளர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஓரக்கோடு போடக் கெட்டி ஐசிங்கும், உள்ளே நிரப்பத் தண்ணீர் சேர்த்துத் தளர்த்திய ஐசிங்கும் வேண்டும். பூசியது முழுதாகக் காய ஓர் இரவு ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் ஈரம் அதிகம். மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். நமது கிடங்குக்கும் இதே விதிதான். ஐசிங் சுகர் ஈரத்தை இழுக்கும். தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

கலர் விஷயம்

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி.

1993 டிசம்பரில் நமது கடையில் நடந்தது இது. அந்நாளில் கேசரிக்குப் போடும் கலரையும், கோலப்பொடியில் கலக்கும் சாயத்தையும் டின்னில் வாங்கி, சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்றோம். இரண்டு டின்களும் ஒரே பலகையில் இருந்தன. அவசரக் கூட்டத்தில் கடைப் பையன் டின்னை மாற்றிப் போட்டுவிட்டான். பிஸ்கட்டுக்குச் சிவப்புக் கலர் கேட்ட ஒரு டீச்சரம்மாவுக்குக் கோலச் சாயம் போயிற்று. மூன்றாம் நாள் அவர் மிச்சப் பொட்டலத்தோடு வந்தார். பிள்ளைக்கு இரண்டு முறை வாந்தி. நாக்கும் உதடும் ரோஜா நிறம் போகவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, இதை உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை தேறிவிட்டது. குற்றம் பையன் மீது இல்லை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்த நம் மீதுதான். அன்று முதல் உணவுக் கலரைச் சில்லறையாக நிறுத்துவதையே விட்டுவிட்டோம்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். அதில் இருந்தது ரோடமின் பி என்ற, தொழிற்சாலைகளில் பயன்படும் சாயம். பார்வைக்கு அது நல்ல ரோஜா நிறம். கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. ஆகவே சங்க உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

1. முத்திரையிட்ட சிறு டப்பாவில் வருவதை மட்டும் விற்கவும். அதில் உணவுக்கலர் என்ற குறிப்பும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பார்க்கவும்.

2. பில் இல்லாமல் கலர் வாங்க வேண்டாம். நாளை கேள்வி வந்தால், எவரிடம் வாங்கினோம் என்று காட்ட அந்தக் காகிதம் ஒன்றுதான் நம் கையில் இருக்கும்.

3. கோலக் கலரையும் உணவுக் கலரையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். ஒரே தராசு, ஒரே கரண்டியும் கூடாது.

4. குறைவாகப் போடச் சொல்லவும். செயற்கைக் கலர் பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பதே உணவு விதிகளில் நெடுங்காலமாக உள்ள அளவு. ஐசிங்குக்கு ஜெல் கலர் சிறந்தது. ஊசி முனையளவே போதும், ஐசிங்கும் நீர்த்துப்போகாது.

5. கலரே வேண்டாம் என்பவருக்கு வழி உண்டு. பீட்ரூட் சாறு ரோஜா நிறம் தரும், மஞ்சள் தூள் மஞ்சள் தரும், கோகோ பழுப்புத் தரும். பனி மனிதனுக்கோ வெள்ளை ஐசிங்கே போதும்!

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அபராதமும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதை எழுதவில்லை. சின்னக் கலர் டப்பா ஒன்றில் நமக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். அதை வாங்கிப் போகிறவர் தம் பிள்ளையின் வாயில் வைக்கப் போகிறார். இந்த டிசம்பரில் கலர் டப்பாவை எடுத்துக் கொடுக்குமுன், அந்த டீச்சரம்மாவின் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நமக்குள் கேட்டுக்கொள்வோம்.