வீட்டுக்காரருக்கு மட்டும்தானா?

மூலக்குளத்தில் ஒரு குடும்பத் தலைவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 52. "ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது" என்று கணவரிடம் டாக்டர் சொன்னாரோ இல்லையோ, அன்றிலிருந்து அடுக்களையில் பொரித்த அப்பளம் சுட்ட அப்பளமாகிவிட்டது, வடைக்கு விடுமுறை!

"உங்களுக்கு எப்படியக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால், "எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன்!" என்று சிரிக்கிறாள்.

சகோதரிகளே, இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

கொலஸ்ட்ரால் விஷமல்ல, உடம்புக்கு வேண்டிய பொருள்தான். பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அதைச் சுமந்து போகும் வண்டிகளில் ஒன்று எல்.டி.எல். அது மிஞ்சினால் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும். மற்றொன்றான எச்.டி.எல். மிச்சத்தை ஈரலுக்கே திருப்பிக் கொண்டுவரும்.

இளம் வயதில் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு துணை நிற்கிறது. எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து ஈரல் இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில், பெரும்பாலும் 45 வயதிலிருந்து 55-க்குள், அந்தத் துணை விலகுகிறது. சாப்பாடு மாறாவிட்டாலும் எல்.டி.எல். ஏறுகிறது! அதே வயது ஆண்களைப் பெண்கள் மிஞ்சிவிடுவதும் உண்டு.

கொலஸ்ட்ரால் ஏறினால் மாரடைப்பு அபாயமும் ஏறும் என்பதை, அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. ஆனால் வலியில்லை, மயக்கமில்லை. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, அந்த மூலக்குளத்து அம்மாள் அடுத்த முறை கணவருக்குத் துணையாகக் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தன் கையையும் ஊசிக்கு நீட்டட்டும். நீங்களும்தான்!